பவர் எட்டு

பச்சையம்மா அன்று போனில் சொன்னது எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்பதில் எனக்கே நம்பிக்கை இல்லை. "அவருக்குக் கண்ணாடி மாத்தணும்ணா, நீங்க கொஞ்சம் கூட்டிக்கினு போயிட்டு வாங்க" என்றுதான் சொன்னதாக நினைக்கிறேன். "கண்ணு காட்டணும்" என்று சொல்லியிருக்கலாம். இரண்டையும் சேர்த்தே சொல்லியிருக்கலாம். அப்போது என் மடியில் லேப்டாப் திறந்திருந்தது. எந்த பைனாகுலரின் கண்ணாடி எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடும் என்று யாரோ விலாவாரியாக ஒப்பிட்டு எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தேன். என் காதில் விழுந்தது கண்ணாடி என்ற ஒரு சொல்தான்.

அவர் கணவர் குமரேசனுக்கு இப்போது வலது கண்ணில் பார்வை இல்லை. பச்சையம்மா கேட்டுக்கொண்ட அன்றைக்கே அவரைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தால் அந்தக் கண் பிழைத்திருக்கும். அதனால்தான் அந்த ஒரு வாக்கியத்தை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் அது எனக்குச் சாதகமாகக் கொஞ்சம் மாறிவிடுகிறது. அதைக் கவனித்த பிறகு என் நினைவை நம்புவதை விட்டுவிட்டேன்.

குமரேசன் செம்பாக்கத்தின் பழைய குடும்பம். அவர் அப்பா நெல் போட்ட நிலத்தில்தான் நாங்கள் ஃப்ளாட் வாங்கிக் குடியிருக்கிறோம். வேளச்சேரி மெயின் ரோட்டில் அவருக்கு ஹார்டுவேர் கடை. நான் தாம்பரத்தில் ஒரு வங்கியில் இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவன், தனியாள். வீட்டில் புத்தகம், வெளியே ஏரிக்கரை. கழுத்தில் பைனாகுலர் தொங்கும். அதோடு அசையாமல் நிற்பது எனக்குப் பிடிக்கும். யாரும் பேச வரமாட்டார்கள்.

குமரேசன் வந்தார். உடம்பைக் குறைக்க நடக்கச் சொன்னதால் ஏரிக்கரைக்கு வந்தவர், என் பக்கத்தில் நின்று நான் பார்க்கும் திசையிலேயே பார்த்தார்.

"இன்னா சார், யார் வூட்டப் பாக்கறீங்க?"

"பறவை பார்க்கிறேன்."

"எல்லாரும் அப்டித்தான் சொல்லுவாங்க. குடுங்க, நானும் பறவ பாக்கறேன்."

கழற்றிக் கொடுத்தேன். கோரைக்கு நடுவில் ஒரு நீலத் தாழைக்கோழி நின்றிருந்தது. அவர் கத்திய கத்தலில் அது ஓடிவிட்டது. "யப்பா! இன்னா கலரு சார் அது! இத்தினி வருசமா இது இங்கியேவா கீது?"

அதற்குப் பிறகு தினமும் வந்தார். சீக்கிரமே தனக்கென்று ஒன்று ஆன்லைனில் வாங்கிவிட்டார். பெட்டியின் மேல் இருபது மடங்கு என்று பெரிதாக எழுதியிருந்தது.

"உங்குளுது எட்டுதானே சார்? என்னுது இருவது" என்றார், வண்டி வாங்கியவர் மாதிரி.

கண்ணில் வைத்தால் ஏரி முழுவதும் குலுங்கியது. பறவை எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிப்பதற்குள் அது பறந்துவிடும். நான் விளக்கினேன். இருபது மடங்கு பெரிதாகக் காட்டினால் கையின் நடுக்கத்தையும் இருபது மடங்கு பெரிதாகக் காட்டும். பார்க்கும் இடத்தின் அகலமும் குறுகிப்போகும். கையில் பிடித்துப் பார்ப்பவருக்கு எட்டு போதும்.

"அப்ப எங்க வூட்டம்மா கோவத்த இதுல பாக்கக் கூடாது" என்றார் குமரேசன்.

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அதிகமாக எதையும் கேட்டதில்லை. குமரேசன் கேட்டார். நான் படித்து வைத்திருந்ததை எல்லாம் சொன்னேன். வீட்டுக்குப் போய் இன்னும் படித்துவிட்டு மறுநாள் வந்து சொன்னேன். பதில் சொல்லும் சுகத்தில் கேள்வியைச் சரியாகக் கேட்காமல் விட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

"சாயங்காலம் ஆனா இருட்டிகினு வருது சார், ஒண்ணும் தெரியல" என்றார். மலிவான லென்ஸ் வெளிச்சத்தைத் தின்றுவிடும் என்றேன். அது உண்மைதான்.

"அக்கரை லைட்டப் பாத்தா சுத்தி வானவில்லு மாரி வளையம் தெரியுது" என்றார். மட்டமான கண்ணாடி நிறங்களைப் பிரித்துவிடும், ஓரத்தில் பிசிறடிக்கும் என்றேன். அதுவும் உண்மைதான்.

"வூட்டு டியூப்லைட்டச் சுத்தியும் தெரியுது சார்" என்றும் ஒரு நாள் சொன்னாரோ என்று சந்தேகம். சொல்லியிருந்தால், மணிக்கணக்காக அந்த மட்டமான பைனாகுலரில் பார்ப்பதால் கண் களைத்திருக்கும் என்று நான் பதில் சொல்லியிருப்பேன். அந்தப் பதில் எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. பதில் நினைவிருந்தால் கேள்வியும் இருந்திருக்க வேண்டும்.

பச்சையம்மாவின் போன் வந்தது ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலை. குமரேசன் வீட்டில் பைனாகுலரைப் பெரிய கண்ணாடி என்றுதான் சொல்வார்கள். "பெரிய கண்ணாடிய எட்த்துகினு கெளம்பிட்டாரு" என்று பச்சையம்மா என்னிடமே அலுத்துக்கொண்டிருக்கிறார். அதனால் கண்ணாடி மாற்ற வேண்டும் என்றதும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அந்த இருபது மடங்கை வீட்டிலேயே வெறுத்துவிட்டார்கள் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. "நான் பார்த்துக்கறேன்" என்றேன். "உங்கள நம்பித்தாண்ணா" என்றார்.

தாம்பரத்தில் ரயில் ஏறிப் பாரிமுனைக்குப் போனோம். வழியெல்லாம் நான் பேசினேன். மூக்குக் கண்ணாடி போட்டிருப்பவர் கண்ணுக்கும் பைனாகுலருக்கும் நடுவில் இடைவெளி இருக்கும். அந்தத் தூரத்திலிருந்தும் முழு வட்டம் தெரிகிற மாதிரி பார்த்து வாங்க வேண்டும். மழையில் உள்ளே பனி படரக் கூடாது. கழுத்து வலிக்கிற கனம் கூடாது. எட்டு மடங்கு, முன்பக்க லென்ஸ் நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். ஏரிக்கும் காட்டுக்கும் அதுவே சரி. குமரேசன் ஜன்னலோரம் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டே வந்தார்.

கடை ஒரு மாடியில் இருந்தது. ஜோசலின் என்ற பெண்மணி நாலைந்து பைனாகுலர்களை எடுத்து வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டார். எதிர்க் கட்டடத்தின் மேல் ஒரு பெயிண்ட் விளம்பரப் பலகை. "அதுல இருக்கிற சின்ன எழுத்தப் பாருங்க சார்" என்றார்.

பைனாகுலரில் வலது கண் பக்கம் ஒரு சின்ன வளையம் இருக்கும். எவருக்கும் இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டத்தான் அது. முதலில் வலது கண்ணை மூடி, இடது கண்ணுக்குத் தெளிவாகும்வரை நடுச்சக்கரத்தைத் திருப்ப வேண்டும். அப்புறம் இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணுக்காக அந்த வளையத்தைத் திருப்ப வேண்டும்.

குமரேசன் வலது கண்ணைக் கையால் பொத்தினார். படித்தார். இடது கண்ணைப் பொத்தினார். வளையத்தைத் திருப்பினார். திருப்பிக்கொண்டே இருந்தார். அது முட்டி நின்றது.

"தெளிவாச்சா?" என்றேன்.

"பொக மாரி கீது சார்."

"பீஸ் சரியில்லை போல. வேற கொடுங்க" என்றேன்.

இரண்டாவதிலும் வளையம் முட்டி நின்றது. ஜோசலின் என்னைப் பார்த்தார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. கண்ண ஒருவாட்டி செக் பண்ணிட்டு வாங்களேன். பைனாகுலர் எங்கயும் ஓடிப் போயிடாது."

மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் சில சமயம் இப்படி ஆகும் என்றேன். ஆகாது. மூக்குக் கண்ணாடி போட்டிருந்தால் அந்த வளையத்தைத் திருப்ப வேண்டிய அவசியமே குறைய வேண்டும். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நிமிடம் நான் வாங்க வந்திருந்தேன். வாரக்கணக்காகப் படித்துத் தேர்ந்தெடுத்த ஒன்று கண்ணெதிரே மேஜைமேல் இருந்தது.

குமரேசனே பேச்சை முடித்து வைத்தார். "ஒத்தக் கண்ண மூடிகினு எவன் சார் பறவ பாப்பான்? ரெண்டையும் தொறந்தா சூப்பரா கீது. பேக் பண்ணும்மா."

திரும்பி வந்தபோது பச்சையம்மா வாசலில் தண்ணீர் கேன் இறக்கிக்கொண்டிருந்தார். பைனாகுலர் என் துணிப்பையில் இருந்தது. குமரேசன் அதை என்னிடம் கொடுத்து வைத்திருந்தது ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

"போயாச்சா? டாக்டரு இன்னா சொன்னாரு?" என்றார் பச்சையம்மா.

குமரேசன் என்னைப் பார்த்தார். இடது கண்ணைச் சிமிட்டினார். "எல்லாம் கரெக்டா கீதாம். கண்ணாடி மாத்தியாச்சு."

"அதே ஃப்ரேமு போட்டுனுகீறே?"

"ஃப்ரேமு நல்லாத்தானே கீது. கண்ணாடி மட்டுந்தான் மாத்துனாங்கோ. பவர் எட்டு."

"எட்டா! அவ்ளோவாய்யா ஏறிப்போச்சு?"

"எட்டுன்னா எட்டு இல்ல. எட்டு இன்ட்டு நாப்பத்திரண்டு."

பச்சையம்மா என் பக்கம் திரும்பினார். "நெசமாவாண்ணா? பயப்புட ஒண்ணும் இல்லியே?"

காலையில் அவர் எதற்காக போன் செய்தார் என்பது அந்த நிமிடம் எனக்குப் புரிந்துவிட்டது. எப்படிக் கேட்டேன், என்ன காதில் விழுந்தது என்பதெல்லாம் அதற்கு முன்னால். அதற்குப் பின்னால் எனக்கு எந்தச் சாக்கும் இல்லை. நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். குமரேசனின் ஜோக் நன்றாக இருந்தது. வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. என் மௌனம் எல்லோருக்கும் பழகியது என்பதால், அதை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

கேட்டுக்கு வெளியே குமரேசன் பையை வாங்கிக்கொண்டார். "சும்மா பயந்துகினே கீது சார் அது. அடுத்த வாரம் டாக்டராண்ட போயிக்கலாம், நீங்களும் வாங்க."

அடுத்த வாரம் நான் நினைவுபடுத்தவில்லை. மறந்துவிடவும் இல்லை. டாக்டர் பார்த்து, குறை கண்ணில்தான் என்று சொல்லிவிட்டால், நான் இத்தனை நாள் சொன்ன விளக்கமெல்லாம் என்ன ஆகும் என்ற எண்ணம் உள்ளே எங்கேயோ இருந்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு வெகுநாள் ஆயிற்று.

அந்தக் குளிர்காலம் நன்றாக இருந்தது. அதுதான் கஷ்டம். பள்ளிக்கரணையில் பூநாரைகள் வந்திருந்தன. படப்பைப் பக்கம் ஏரி ஏரியாகப் போனோம். திருநீர்மலை படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்து, கீழே கொக்குகள் கூட்டமாகத் திரும்புவதை மேலிருந்து பார்த்தோம். குமரேசன் குழந்தை மாதிரி இருந்தார். "இவுரு வாங்கிக் குடுத்த கண்ணாடி சார்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டிச் சொன்னார்.

வலது பக்கம் வரும் பறவைகளை அவர் விட்டுவிடுவதைக் கவனித்தேன். "எங்க சார், எங்க?" என்பார். அதற்குள் போய்விடும். ஒருமுறை ஏரிக்கரையில் வலது பக்கம் நின்றிருந்த சைக்கிளில் மோதி, சைக்கிள்காரரையே திட்டினார். நான் அவருடைய வலது பக்கமாக நடக்க ஆரம்பித்தேன். நண்பருக்குச் செய்யும் உதவி என்றுதான் அதை நினைத்துக்கொண்டேன்.

மாசியில் ஒரு சாயங்காலம், ஏரிக்கரை பெஞ்சில் பைனாகுலரைக் கீழே வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். வலது கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. வாந்தி எடுத்தார். "கண்ணுக்குள்ள எவனோ கல்ல வெச்சு அழுத்தறான் சார்" என்றார். ஆட்டோவில் ஏற்றிக் கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பச்சையம்மாவும் மகள் தமிழினியும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். தமிழினி பெருங்குடியில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவள். அலுவலக அடையாள அட்டையைக் கழற்றாமலே ஓடி வந்திருந்தாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். குமரேசனுக்கு மருந்து கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு எங்களை உட்காரச் சொன்னார். கண்ணுக்குள் ஊறும் நீர் வடிகிற வழி குறுகிப்போய், அழுத்தம் ஏறி, நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றிருக்கிறது என்றார். கிளாக்கோமா. இது இன்றைக்கு வந்தது இல்லை.

"விளக்கைச் சுத்தி வளையம் தெரியுதுன்னு சொன்னாரா?"

"சொல்லிகினேதான் இருந்தாரும்மா" என்றார் பச்சையம்மா.

"அப்பவே வந்திருக்கலாமே. லேசர்ல சின்னதா ஒரு வழி போட்டு விட்டிருப்போம்."

"வந்தாரும்மா. ஐப்பசிலியே பாத்துட்டு வந்தாரே. கண்ணாடிகூட மாத்துனாங்கோ. அண்ணன்தான் கூட்டிகினு போனாரு."

டாக்டர் என்னைப் பார்த்தார். "எங்க காட்டினீங்க சார்? பிரஷர் பார்த்தாங்களா? ரிப்போர்ட் ஏதாவது இருக்கா?"

மேஜைமேல் பிளாஸ்டிக்கில் செய்த ஒரு பெரிய கண் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தமிழினி "அங்கிள்?" என்றாள்.

"டாக்டரிடம் போகவில்லை. பைனாகுலர் வாங்கப் போனோம்" என்றேன்.

டாக்டருக்குப் புரியவில்லை. தமிழினிக்குப் புரிந்தது. "பவர் எட்டு" என்றாள் மெதுவாக. "அப்பா அதை வீட்டுல எத்தனை தடவை சொல்லிச் சிரிச்சாரு."

பச்சையம்மா கத்துவார் என்று நினைத்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் கேக்கும்போது நீங்க பக்கத்துலதானே நின்னுகினு இருந்தீங்க?"

"ஆமாம்."

"அந்தாளு வெளாட்டுக்காரன். எதச் சொன்னாலும் வெளாட்டு. அதனாலதான் உங்களாண்ட கேட்டேன்."

அவ்வளவுதான். டாக்டர் படிவத்தில் கையெழுத்து வாங்கினார். தமிழினி மருந்து வாங்கப் போனாள். நான் எழுந்து நின்றேன். உட்காரச் சொல்லவும் யாரும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பச்சையம்மா சொன்னார்: "நீங்க கெளம்புங்க சார். நாங்க பாத்துக்கறோம்."

அதுவரை அவர் என்னை அண்ணா என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

ஒரு மாதம் போல நான் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு குமரேசனே போன் செய்து, "இன்னா சார், கண்ணு போனது எனக்கா உங்குளுக்கா?" என்றார். போனேன். கறுப்புக் கண்ணாடி போட்டு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். பச்சையம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையை உயர்த்தித் தடுத்தார். "பொய் சொன்னது நானு. பயந்தவன் நானு. டாக்டராண்ட போனா இன்னா சொல்லுவாரோன்னு இருந்துச்சு. நீங்க வேற கண்ணாடிதான் சரியில்லன்னு சொல்லிகினே இருந்தீங்களா, எனுக்கு அது வசதியா பூட்ச்சு." காபியை என் பக்கம் நகர்த்தினார். "எனக்கு வசதி, சரி. உங்குளுக்கு இன்னா வசதி சார் அதுல?"

பதில் இருந்தது. டம்ளரை எடுத்து, குடிக்காமல் திரும்ப வைத்தேன்.

"சரி, வுடுங்க. ஒத்தக் கண்ணுதான் மிச்சம், அதுலயும் நடுவுலதான் தெரியுது. ஒத்தக் குழா வெச்சது ஒண்ணு கீதாமே. அதுல எது நல்லாருக்கும்? எத்தினி மடங்கு எடுக்கலாம்?"

எனக்குத் தெரியும். ஆறு மடங்குக்கு மேல் போகக் கூடாது, வட்டம் அகலமாக இருக்க வேண்டும், எடை குறைவாக இருக்க வேண்டும். எந்த மாடல் என்பதுகூடத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே, தூக்கம் வராமல், அதைத்தான் படித்திருந்தேன்.

"எனக்குத் தெரியல குமரேசன். டாக்டரைக் கேளுங்க" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "தப்பு பண்ணுனியான்னு உன்ன நான் கேக்கல" என்றார். அவர் என்னை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. "எதுய்யா வாங்கலாம்னு கேட்டேன். அதுக்குக்கூட வாயத் தொறக்கமாட்டியா? பேசவேண்டிய அன்னிக்கும் பேசமாட்ட, இன்னிக்கும் பேசமாட்ட. சுத்த பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ."

காபி ஆறிவிட்டிருந்தது. குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

குமரேசனின் வலது கண் திரும்பவில்லை. இடது கண்ணுக்கு லேசர் செய்தார்கள். இருக்கிற பார்வை அப்படியே நிற்கிறது. பச்சையம்மா காலையும் இரவும் சொட்டு மருந்து விடுகிறார். கடையையும் அவரே பார்த்துக்கொள்கிறார். குடும்பத்தில் எல்லோரும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் தமிழினியும் போனாள். அவளுக்கும் அந்த வழி குறுகலாக இருந்தது. உடனே லேசர் செய்துவிட்டார்கள், அவள் பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒற்றைக் குழாயை அவள்தான் எங்கோ விசாரித்து வாங்கிக் கொடுத்தாள். அது பத்து மடங்கு. குமரேசனால் அதில் எதையும் பிடிக்க முடியவில்லை என்று கடைப் பையன் சொன்னான். ஏரிக்கு அவர் வருவதில்லை. நான் அதே ஃப்ளாட்டில் இருக்கிறேன்.